புதுப்பிப்பு: பிறந்தநாள் பிரியாணியும் 264 ரூபாயும்

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எட்டுப் பேர் வேலூரில் ஒரு ஓட்டலுக்குப் போய், முக்கால் மணி நேரம் காத்திருந்து ஆறின பிரியாணி சாப்பிட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். பில்லில் கேட்காமலே 10 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. "அதெல்லாம் கட்டித்தான் ஆகணும் சார்" என்றார் கல்லாவில் இருந்தவர்.

நீங்கள் பலர் சொன்னபடி 1915-க்குக் கூப்பிட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், பில்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டதாம். (5 சதவீத ஜிஎஸ்டி வேறு, அதிலிருந்து தப்ப முடியாது.)

நாலாம் நாள் மேலாளரே போன் செய்தார். 264 ரூபாய் ஜிபேயில் வந்துவிட்டது. "அடுத்த தடவை வாங்க சார், நானே நின்னு கவனிக்கிறேன்."

சரி, பணம் வந்தது. அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. கத்திரிக்காய் தொக்கு இன்னொரு கரண்டி கேட்டதற்கு, பரிமாறிய பையன் காலி வாளியைச் சாய்த்துக் காட்டிவிட்டுப் போனதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிறு ஆம்பூருக்குக் கூட்டிப் போகிறேன்.