அபாகஸ் ஓடிபி கோப்பு: நோடு எண்ணில் குழப்பம், யாராவது உதவுங்கள்

குழுவினருக்கு வணக்கம். காட்பாடியில் இருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் டேங்க் செய்யும் ஒரு சின்ன பட்டறையில் டிசைன் வேலை. டேங்கைத் தாங்கும் சேடில் சப்போர்ட் ஒன்றை அபாகஸில் (பாகத்தில் வரும் ஸ்ட்ரெஸ், அதாவது தகைவைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டிவிட்டு, அது எழுதும் ஓடிபி கோப்பிலிருந்து ரிசல்ட்டைப் பைதான் ஸ்கிரிப்ட் மூலம் எக்செலுக்கு எடுக்கப் பார்க்கிறேன்.

கோப்புக்குள் ஸ்டெப் (கணக்கின் ஒரு கட்டம்), அதற்குள் ஃபிரேம் (கட்டத்தின் ஒரு தருணம்), ஃபிரேமுக்குள் ஃபீல்ட் அவுட்புட் (அந்தத் தருணத்து ரிசல்ட்) என்ற அடுக்கு புரிந்துவிட்டது. இடிப்பது வேறு இடம். சேடிலிலும் 412ஆம் நோடு (மாடலைப் பிரிக்கும் வலையின் புள்ளி) இருக்கிறது, டேங்கின் ஷெல்லிலும் 412 இருக்கிறது. நோடு எண் ஒரு இன்ஸ்டன்ஸுக்குள் (மாடலில் வைத்த ஒரு பாகம்) மட்டும்தான் தனித்தது என்பது இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகே தெரிந்தது. ஒரே தெருப் பெயர் வேலூரிலும் ஆற்காட்டிலும் இருக்கிற கதைதான். இப்போது இன்ஸ்டன்ஸ் பெயரையும் சேர்த்தே தேடுகிறேன், சரி.

அடுத்த தலைவலி: வெல்டிங் ஓரத்தில் அபாகஸின் வியூவர் (ரிசல்ட்டைப் படமாகக் காட்டும் பகுதி) ஸ்ட்ரெஸ் 214 எம்பிஏ (மெகாபாஸ்கல்) காட்டுகிறது, ஸ்கிரிப்டில் அதிகபட்சமே 187தான். இடப்பெயர்ச்சி நோடில் இருக்கிறது, அதில் சண்டையே இல்லை. ஸ்ட்ரெஸ் மட்டும் எலிமென்ட்டுக்கு (வலையின் ஒரு துண்டு) உள்ளே இருக்கும் இன்டக்ரேஷன் பாயின்ட் என்ற கணக்குப் புள்ளியில் சேமிக்கப்படுகிறது. நான் வைத்த சி3டி10 வகை எலிமென்ட்டுக்கு 10 நோடு, 4 பாயின்ட். வியூவர் அதை நோடு வரை நீட்டி, பக்கத்து எலிமென்ட்டுகளோடு வித்தியாசத்துக்கு 75% வரம்பு வைத்துச் சராசரி எடுக்கிறது.

ஸ்கிரிப்டில் எலிமென்ட் நோடல் (ஒவ்வொரு எலிமென்ட்டும் தன் நோடுகளில் தரும் மதிப்பு) என்று கேட்டு எடுத்துவிட்டு, அதே சராசரியை நானே போட வேண்டுமா? இல்லை, வியூவர் எண்ணை அப்படியே வாங்க வழி உண்டா? அப்புறம், ரிப்போர்ட்டில் நீங்கள் எந்த எண்ணை எழுதுவீர்கள்? வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் கமென்ட்டில் போடுகிறேன்.