நாலு துண்டு நிலம்: காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய வழி உண்டா?

வணக்கம். திருவாரூர் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் நஞ்சை. சொல்லத்தான் 2 ஏக்கர். பாகப்பிரிவினையில் நாலு இடத்தில் சிதறிவிட்டது. பெரியது 80 சென்ட், சின்னது 25. அந்தச் சின்னதில் டிராக்டரைத் திருப்புவதற்குள் பக்கத்து வரப்பு உடைந்துவிடும்.

இந்தச் சம்பாவுக்கு ஒற்றை நாற்று நடவு செய்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுகிற முறையில், தண்ணீர் விட ஆசை. சிக்கல் என்னவென்றால், மூன்று துண்டுகளுக்கு வாய்க்கால் தொடர்பே கிடையாது. மேல் வயல்காரர் மடை திறந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர், எங்கள் வயலைத் தாண்டித்தான் கீழ் வயலுக்கு. நான் காயப்போட்டால் கீழே இருக்கும் சித்தப்பா வயல் வெடிக்கும். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுது ரசாயனத்தை நிறுத்தினாலும், மேலிருந்து யூரியா கரைந்த தண்ணீர் வரத்தானே செய்யும்? தமிழ்நாட்டில் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான் (2015-16 வேளாண் கணக்கெடுப்பு). அதனால் இது எனக்கு மட்டுமான பாடு இல்லை என்று நினைக்கிறேன்.

இங்கே யாராவது பங்காளிகளோடு நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு நிலத்தை ஒரே இடமாக மாற்றியிருக்கிறீர்களா? முத்திரைத்தாள் செலவு எவ்வளவு ஆனது? கூட்டுப் பட்டாவில் இருக்கும் துண்டை முதலில் உட்பிரிவு செய்தாக வேண்டுமா?

இயற்கை விவசாயத்துக்கான பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்குக் (PGS) குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். பக்கத்து வயல்காரர்களையே அதில் இழுத்தவர்கள் இருந்தால், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், வரப்போரமாகத் தனிக் கன்னி வாய்க்கால் வெட்டியவர்கள் படம் போட்டால் புண்ணியமாகப் போகும். நாற்றங்கால் விடுவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.