ஓடிஜியைத் துடைச்சதும் மெயின் விழுதா?

துடைச்சு வெச்ச ஓடிஜியை (கேக், ரொட்டி சுடுற மின்சார அடுப்பு) திரும்பப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற மெயின் ஸ்விட்ச்) விழுந்தா, முதல் சந்தேகம் உள்ளே சூடாகுற ராடு மேலதான் வரணும். வெளியில தெரியிறது உலோகக் குழாய். உள்ளே சுருள் கம்பி. ரெண்டுக்கும் நடுவுல மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைச்சிருக்கும். காய்ஞ்ச வரைக்கும் அந்தத் தூள் கரண்டைக் குழாய்ப் பக்கம் விடாது. ஆனா ஈரத்தை நல்லா இழுக்கும். ராடு முனை வழியா ஈரம் இறங்கினா கரண்ட் ஓடிஜியோட உலோக பாடிக்குக் கசியும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் சரியா செஞ்சு விழும். மழைக்காலத்துல மாசக்கணக்கா போடாம வெச்சாலும் இதேதான். பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ரெண்டு நாள் காய விடுங்க. அப்பவும் விழுந்தா எலக்ட்ரீஷியனை வெச்சு மெகர் (கரண்ட் கசிவைச் சோதிக்கிற கருவி) போட்டுப் பாருங்க. ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணி ஓட்டிப் பார்க்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், உயிர் விஷயம்.

*

ராடுக்குள்ள ஈரம் இறங்கிடும்ங்கிறதாலதான் துடைக்கும்போது ஓடிஜிக்குள்ள எதையும் ஸ்ப்ரே பண்ணக் கூடாது. முறை இதுதான்: பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரமாவது ஆற விடணும். கம்பித் தட்டு, ட்ரே, அடியில இருக்கிற தூள் தட்டு எல்லாத்தையும் வெளியே எடுத்துடணும். அரை கப் ஆப்ப சோடாவுல மூணு நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு, செங்குத்துச் சுவரில் பூசினாலும் வழியாத பதத்துக்குக் குழைச்சு, பிசுக்கு இருக்கிற இடத்துல மட்டும் தடவுங்க. ராடைச் சுத்தி ஒரு அங்குலம் விட்டுடணும். ராத்திரி பூரா ஊறட்டும். காலையில பழைய பிளாஸ்டிக் கார்டால சுரண்டினா பழுப்புப் பசையா சுருண்டு வரும். நல்லாப் பிழிஞ்ச துணியால நாலஞ்சு தடவை துடைக்கணும். வெள்ளைத் தடம் மிச்சம் இருந்தா, வினிகர் நனைச்ச துணியால ஒரு துடை. வினிகர் தொட்ட இடத்துல பிளீச்சிங் கலந்த எதையும் கொண்டு போகாதீங்க, குளோரின் வாயு வரும்.

நல்லாக் காய்ஞ்சப்புறம் ஜன்னலைத் திறந்து வெச்சு, காலியா 100 டிகிரியில 20 நிமிஷம் ஓட விடுங்க. ராடு மேல ஒட்டின கரியைச் சுரண்ட வேண்டாம். சூட்டுல அதுவே கருகி உதிரும்.

*

மேல சொன்ன சோடா பசையை அலுமினிய ட்ரேயில மட்டும் ஊற வைக்காதீங்க, கறுத்துடும். அதுக்குப் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் வெந்நீரும் போதும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தை அரிக்கும், உள்சுவர்ப் பூச்சையும் கெடுக்கும். சுவர்ல கம்பி நாரும் ஆகாது. பூச்சு போன இடத்துலதான் துரு பிடிக்க ஆரம்பிக்கும்.

கதவுக் கண்ணாடி சூடா இருக்கும்போது ஈரத்துணி வைக்காதீங்க. கம்பி நாரால விழுந்த கீறல் இருந்தா, பின்னாடி ஒரு நாள் சூட்டுல மொத்தமா நொறுங்கலாம்.

கீழ் ராடு மேல ஃபாயில் விரிக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க. சூடு அங்கேயே தங்கி ராடு சீக்கிரம் போயிடும்.

*

மைக்ரோவேவ்ல பொறி பறந்தா உள்சுவர்ல இருக்கிற பழுப்பு மைக்கா ஷீட்டைப் பாருங்க. பிசுக்கு படிஞ்சு கருகியிருக்கும். புது ஷீட்டை அதே அளவுக்குக் கத்தரிக்கோலால வெட்டி மாட்டலாம். வெளி மூடியை மட்டும் கழற்றாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவு கரண்ட் தங்கியிருக்கும்.