உளவளத்துணையில் முதுமாணி: கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சேர முதல் எதைச் சரிபார்க்கிறது?

மூதூர்_ரீச்சர்:
வணக்கம். மூதூர்ப் பக்கம் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. மூன்று வருடப் பொதுக் கலைமாணியும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் இருக்கு. கல்வியும் உளவளத்துணையும் சேர்ந்த முதுமாணி ஒன்றைக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் செய்ய விருப்பம். அமெரிக்காவில் ஒன்லைன் படிப்பு ஒன்றும் இந்தியாவில் இரண்டு இடமும் பார்த்து வச்சிருக்கிறன். வேலையை விடேலாது. நான் சைவம், அது தடையா? பட்டம் இங்கே செல்லுமா?

உப்புவெளியான்:
ரீச்சர், படிப்பின் பெயரை நம்பாதீங்க. 'கவுன்சலிங்' என்ற ஒரே சொல்லுக்குள்ள மூன்று வேறு படிப்பு இருக்கு. ஒன்று, கல்வி முதுமாணியில் வழிகாட்டலும் ஆலோசனையும் இரண்டு மூன்று பாடமாக வருவது. ஆய்வு எழுதுவீங்க, ஒரு பிள்ளையோடயும் அமர்வு செய்யமாட்டீங்க. அடுத்தது, மேற்பார்வையோடு மணித்தியாலக் கணக்கில் அமர்வு செய்ய வேண்டிய தொழில்முறைப் படிப்பு. மூன்றாவது இறையியலுக்குக் கீழே வரும் மேய்ப்புப்பணி உளவளத்துணை. அது திருச்சபையில் வேலை செய்கிறவர்களுக்கானது, பாடசாலைக்கு உதவாது. முகப்புப் பக்கத்தை விட்டுட்டுப் பாடப் பட்டியலை எடுங்க. 'பிரக்டிக்கம்' (மேற்பார்வையோடு செய்யும் ஆரம்பப் பயிற்சி), 'இன்டேர்ன்ஷிப்' (அதற்குப் பிறகு வரும் நீண்ட களப்பயிற்சி) என்று கிரெடிட்டோடு இல்லையென்றால் அது முதல் வகைதான்.

இங்கே செல்லுமா என்பதற்குள்ள இரண்டு கேள்வி இருக்கு. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்க, காசு கட்ட முதல். அமெரிக்காவில் நிறுவனத்துக்கு ஒரு தரச்சான்று, அந்தப் படிப்புக்குத் தனியாக இன்னொன்று. வேதாகமக் கல்லூரிகளுக்கு மட்டும் சான்று கொடுக்கும் அமைப்புகளும் இருக்கு, அதைப் பார்த்து ஏமாறாதீங்க. சம்பள ஏற்றம், பதவி உயர்வுக்கு எடுபடுமா என்பது வேற விசயம். அதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்கணும். வாய்ச்சொல் வேண்டாம், கடிதம் கொடுத்துக் கேளுங்க.

கிரெடிட்டிலும் ஒரு சிக்கல். எங்கட தகைமைகள் கட்டமைப்பில் 9ஆம் மட்ட முதுமாணி 30 கிரெடிட், ஆய்வோடு வரும் 10ஆம் மட்டம் 60. இங்கே ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவழிக்கும் 50 மணித்தியாலம், அமெரிக்கக் கிரெடிட் வகுப்பு நேரத்தை வச்சு எண்ணுறது. அதனால அங்கத்தைய 60ஐ இங்கத்தைய 60 என்று நினைச்சுக் கொள்ளாதீங்க. பிறகு கலாநிதிப் பட்டத்துக்குப் போற எண்ணம் இருந்தால் ஆய்வுக்கட்டுரை இல்லாத முதுமாணியை எடுக்கவே வேண்டாம்.

உங்கட மூன்று வருடப் பட்டம்தான் முதல் முட்டுக்கட்டை. பல அமெரிக்க இடங்கள் நாலு வருடப் பட்டத்துக்குச் சமனாக இருக்கணும் என்று கேட்கும். டிப்ளோமாப் பெறுபேற்றையும் சேர்த்து, பாடம் பாடமாகப் பார்க்கும் தகைமை மதிப்பீட்டுக்கு அனுப்புங்க. மதிப்பீட்டுக்கே கட்டணம் வரும், ஆகவே சேர்க்கைப் பிரிவுக்கு முதலில் ஒரு மின்னஞ்சல்.

லிங்கநகர்:
நான் மணித்தியாலக் கணக்கை மட்டும் சொல்றன், ஆக்கள் விழுறது அதிலதான்.

அமெரிக்காவில் உளவளத்துணைப் படிப்புகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் காக்ரெப்பின் விதிப்படி பிரக்டிக்கம் 100 மணித்தியாலம், அதில 40 நேரடி அமர்வு. பிறகு இன்டேர்ன்ஷிப் 600, அதில 240 நேரடி. இப்ப கணக்குப் போடுங்க. கிழமைக்கு ஆறு பிள்ளை, ஆளுக்கு 40 நிமிசம் எண்டா 4 மணித்தியாலம். தவணைக்கு 13 கிழமை வச்சாலும் 52. அந்த 240 நிரம்ப ஐந்து தவணை போகும். குழு அமர்வு சேர்த்தால் கொஞ்சம் குறையும். நீங்க வழமையாகப் படிப்பிக்கிற பாடம் கணக்கில வராது.

மேற்பார்வையாளர் உளவளத்துணையிலோ அதை ஒட்டிய துறையிலோ முதுமாணியும் அனுபவமும் உள்ளவராக இருக்க வேணும். அப்பிடி ஒருவர், அதுவும் தமிழ் தெரிஞ்சவர், கையில இல்லாமல் பதிய வேண்டாம். அமர்வை ஒலிப்பதிவு செய்யச் சொல்லி, ஒரு பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதி ஆங்கிலத்தில கேட்பாங்க. 10 நிமிசப் பகுதிக்கே ஒரு பின்னேரம் போயிடும். பிள்ளை "மனசு பாரமா இருக்கு" எண்டு சொன்னதை 'டிப்ரஷன்' எண்டு எழுதினால் பிழை. பிள்ளை சொன்னது சுமை, நீங்க எழுதினது நோயின் பெயர். தமிழ்ச் சொல்லை அப்பிடியே போட்டு, பக்கத்தில விளக்கம் எழுதுங்க. பதிவை வட்ஸ்அப்பில அனுப்பவே கூடாது.

நேரத்தையும் பாருங்க. அமெரிக்கக் கிழக்குக் கரையில பின்னேரம் 7 மணி வகுப்பு எண்டா எங்களுக்கு அடுத்த நாள் விடிய 5.30, அங்க கோடைகால நேரம் எண்டா 4.30.

கடற்கரை_வீதி:
இந்தியப் பக்கம். உளவியலை ஒன்லைனிலோ தொலைக்கல்வியிலோ தர வேண்டாம் என்று அந்த நாட்டு மானியக்குழு 2025 யூலை-ஓகஸ்ட் அனுமதியிலிருந்து நிறுத்திவிட்டது. இன்னமும் 'வீட்டிலிருந்தே உளவளத்துணை முதுமாணி' என்று விளம்பரம் வந்தால் இந்தத் திகதியைச் சொல்லிக் கேளுங்கோ. அங்கே கல்வி முதுமாணி வழமையாக இரண்டு வருடம், நேரடி வகுப்பு, பி.எட்டில் 50 வீதமாவது வேணும். உங்கட டிப்ளோமாவை அதற்குச் சமனாக எடுப்பாங்களா என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமநிலைச் சான்று கேட்கணும். போனால் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவுக்கு, இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. ஆகவே படிப்பு லீவு இல்லாமல் இந்தியா சரிவராது.

சமயம்: பெங்களூர் கிறைஸ்ட் மாதிரிக் கத்தோலிக்க நிறுவனங்களில் எல்லாச் சமயத்தவரும் படிக்கிறாங்கள். அமெரிக்க சுவிசேஷ வழி இடங்கள் சிலது விசுவாச அறிக்கையில் கையெழுத்தும் போதகரின் சிபாரிசுக் கடிதமும் கேட்கும். மனமில்லாமல் கையெழுத்துப் போடுறது எனக்குச் சரியாகப் படேல்ல, அந்த இடத்தை விட்டுடுங்கோ. எந்த இடத்தில் படிச்சாலும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் கலந்து வரும் எங்கட ஊரில் பிள்ளை கேட்காமல் அமர்வில் ஜெபமும் வேண்டாம், தேவாரமும் வேண்டாம். தன் விழுமியத்தைத் திணிக்கக்கூடாது என்று அமெரிக்க உளவளத்துணையாளர் சங்கத்தின் ஒழுக்கக்கோவையே சொல்லுது.

மூதூர்_ரீச்சர்:
நன்றி அண்ணா, அக்கா எல்லாருக்கும். அப்ப அமெரிக்கப் படிப்பில் மேற்பார்வையாளரைத்தான் முதலில் தேடுறன். அமர்வுகளை எங்கட பாடசாலையிலேயே செய்ய அதிபரிடம் என்ன கேட்டுக் கடிதம் கொடுக்கிறது?

லிங்கநகர்:
எந்த நாள், எந்தப் பாடவேளை எண்டு தெளிவாகப் போடுங்க. பிறகு ஓர் அறை. நூலக மூலை சரிவராது, சத்தம் வெளியே கேட்கும். கதவில கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லையெண்டால் கதவைத் திறந்து வச்சு, வெளியில ஆளைக் காணக்கூடியதாக, பேச்சுக் கேட்காத தூரத்தில கதிரையைப் போடுங்க. அமர்வுக்கும் ஒலிப்பதிவுக்கும் பெற்றோர் சம்மதப் படிவம் தனித்தனியாக. துஷ்பிரயோகம் தெரிய வந்தால் இரகசியம் காக்கேலாது, 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிப்பீங்க எண்ட வரியைக் கடிதத்திலும் படிவத்திலும் போடுங்க. பிள்ளைக்கும் முதல் அமர்விலேயே, அது கதைக்கத் தொடங்க முதல், சொல்லிடுங்க. வலயப் பணிமனைக்கு ஒரு பிரதி.