நெருங்கிய தோழியிடம் காதலைச் சொல்லலாமா?

கல்லூரிக் காலத்திலிருந்தே அவள் என் தோழி. வேறு யாராவது மறுத்தால் சில மாதம் வாடிவிட்டுத் தேறிவிடலாம். இவள் மறுத்தால், அந்த வருத்தத்தைக் கொட்டவும் இவளை விட்டால் எனக்கு ஆளில்லை. சிக்கலே அதுதான்.

அவள் மனத்தைக் கணிக்க முடியவில்லை. நள்ளிரவில் கலங்கினால் முதலில் என்னைத்தான் அழைக்கிறாள். "உனக்கேற்ற பெண்ணை நான்தான் தேடித் தரவேண்டும் போலிருக்கிறது" என்று சிரிப்பவளும் அவள்தான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சொல்லாமலே இருந்துவிடு என்கிறான் தம்பி. எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. நண்பனிடம் பேசுவதாக நம்பி அவள் மனம் திறக்கிறாள். நான் வேறொரு நினைப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறாள். அதற்கு முன் சொல்வதா, போன பிறகா என்பதும் குழப்பம்.

இதைக் கடந்து வந்தவர்கள், குறிப்பாக மறுப்புக்குப் பிறகும் நட்பைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் எழுதுங்கள். அவள் தயங்காமல் "இல்லை" என்று சொல்லும்படி பேச்சை எப்படித் தொடங்குவது? நண்பனிடமிருந்து இப்படிக் கேட்க நேர்ந்த பெண்கள் சொன்னால் இன்னும் உதவியாக இருக்கும். "தைரியமாகச் சொல்லிவிடு" என்று மட்டும் வேண்டாம். அதைக் கண்ணாடி முன் நானே போதுமான அளவு சொல்லிப் பார்த்துவிட்டேன்.