மேலத்தெரு சொந்தங்கள்: காயத்ரி வளைகாப்பு

லதா: எல்லோருக்கும் வணக்கம். காயத்ரி வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஆஸ்டினில் அவர்கள் வீட்டிலேயே. 17ஆம் தேதி புரட்டாசி பிறந்துவிடும், அதனால் ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். அமெரிக்காவில் இருப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும்.

மீனா: சந்தோஷம் மதினி. வளையல் என் பொறுப்பு.

ராஜாமணி: நேரம்?

லதா: சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10:30. அது கழிந்து 10:45க்கு.

ராஜாமணி: அது நம் ஊர்க் கணக்கு. அங்கே சூரிய உதயத்தை வைத்து மாறும். ஜோசியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

குமார்: மதினி, 12ஆம் தேதியா? அன்றைக்குத்தான் ஆஸ்டினில் டெக்சாஸ் – ஒஹாயோ ஸ்டேட் காலேஜ் கால்பந்து ஆட்டம்.

விஜயா: ஆரம்பித்துவிட்டார்.

குமார்: ஆட்டம் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேர் உட்காருவார்கள். ஊரே நிரம்பிவிடும். நாங்கள் ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரத்தில் காரில் வந்துவிடுவோம். தூரத்திலிருந்து விமானத்தில் வருபவர்கள் எங்கே தங்குவார்கள்? நேற்று ராத்திரி பார்த்தேன், 130 டாலர் அறைக்கு 500 கேட்கிறார்கள். அதுவும் இரண்டு இரவு சேர்த்து எடுத்தால்தான் தருவார்களாம்.

கார்த்திக்: சித்தப்பா, நான் அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கொலம்பஸிலிருந்து மூன்று பேர் வருகிறோம்.

ராஜாமணி: ஏலே, அப்போ நீ வளைகாப்புக்கு வரவில்லை.

கார்த்திக்: இரண்டுக்கும்தான் அப்பா. காலையில் வளைகாப்பு, அப்புறம் ஆட்டம்.

மீனா: 2011 மாதிரி ஆகிவிடக் கூடாது.

காயத்ரி: அத்தை…

மீனா: சொல்லத்தான் செய்வேன். ஏப்ரல் 2, என் மகள் ரிசப்ஷன். 400 இலைக்குச் சமைத்தோம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்று ஆண்கள் அத்தனை பேரும் மண்டபத்து வாட்ச்மேன் அறையில், ஒரு சின்ன டி.வி. முன்னால். மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோக்காரரும் மட்டும் நின்றார்கள்.

ராஜாமணி: இந்தியா ஜெயித்த நாள் அது.

மீனா: ஜெயிக்கட்டும் அண்ணன். மிஞ்சிய சோற்றை மறுநாள் காலையில் அள்ளியது நானும் லதா மதினியும்.

லதா: விடுங்கள் மதினி. காயத்ரி, வளையல் அளவு என்னம்மா?

ராஜாமணி: காலேஜ் பையன்கள் ஆடும் கால்பந்துக்கா ஒரு லட்சம் பேர்?

குமார்: இது நம் கால்பந்து இல்லை அண்ணன். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். கூட்டம் நம் நெல்லையப்பர் தேரோட்டம் மாதிரி இருக்கும். இதில் பெரிய வம்பே அட்டவணைதான். ஐபிஎல்லில் 10 அணி, ஆளுக்கு 14 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஒரு தடவையாவது மோதிவிடுவார்கள், அதனால் புள்ளிப் பட்டியலை ஓரளவு நம்பலாம். இங்கே மேல்மட்டத்தில் மட்டும் 130க்கு மேல் அணிகள். ஒவ்வொன்றுக்கும் சீசனில் 12 ஆட்டம்தான். ஒருவன் 11 ஜெயித்திருப்பான், இன்னொருவன் 9தான் ஜெயித்திருப்பான். ஆனால் யாரோடு ஆடினான், எங்கே போய் ஆடினான் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மீனா: சிஎஸ்கே எப்படி?

விஜயா: மதினி, அவருக்கு இன்னொரு வழி திறந்துவிடாதீர்கள்.

காயத்ரி: அம்மா, அளவு அப்புறம் சொல்கிறேன். டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

குமார்: போன வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 30, சீசனின் முதல் ஆட்டம். டெக்சாஸ் நேராகக் கொலம்பஸுக்குப் போய், அப்போதைய சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடியது. 14-7 தோல்வி. கடைசியில் 9 வெற்றி, 3 தோல்வி. கோப்பைக்கான கடைசிச் சுற்றான பிளேஆஃபுக்கு 12 அணிகளை எடுத்தார்கள், எங்களுக்கு இடம் இல்லை. இத்தனைக்கும் உள்ளே போன ஓக்லஹோமாவையும், டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்ற வேறொரு காலேஜையும் நாங்கள் தோற்கடித்திருந்தோம். ஏ அண்ட் எம் அதுவரை 11 ஆட்டம் ஆடி ஒன்றுகூடத் தோற்காத அணி! ஒஹாயோவுக்குப் பதில் ஏதோ ஒரு சின்ன அணியை ஆஸ்டினுக்கு அழைத்து ஆடியிருந்தால் 10-2 என்று நின்றிருப்போம். பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியனின் வாதமும் இதுதான்.

கார்த்திக்: புளோரிடாவிடம் 29-21 தோற்றீர்களே சித்தப்பா. அந்த அணி சீசன் முழுக்க 4 ஆட்டம்தான் ஜெயித்தது. அதற்குமா அட்டவணை காரணம்?

ராஜாமணி: நல்ல கேள்வி.

குமார்: அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தோல்வியையும் ஒஹாயோ மைதானத்தில் 7 புள்ளியில் தோற்றதையும் ஒரே தராசில் வைக்கலாமா?

கார்த்திக்: இந்தியானாவைப் பாருங்கள். தங்கள் லீக்குக்கு, அதாவது வழக்கமாக மோதும் அணிகளின் குழுவுக்கு, வெளியே ஆடியது ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட். மூன்றும் சொந்த மைதானத்தில். சுலபமான அட்டவணை என்று எல்லோரும் பேசினார்கள். அப்புறம் எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டையும் 13-10 ஜெயித்து, மொத்தம் 16க்கு 16 ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். நல்ல அணி என்றால் எந்த அட்டவணையிலும் தெரிந்துவிடும்.

குமார்: ஜெயித்துக் காட்ட இடம் கிடைத்தது, காட்டினார்கள். 2023இல் புளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்தது, லீக் கோப்பையும் வாங்கியது. அப்போது பிளேஆஃபில் நான்கு இடம்தான். அவர்களுடைய குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர், காலை முறித்துக்கொண்டதால் இனி அந்த அணி பழைய அணி இல்லை என்று, பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி முடிவு செய்து, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே எடுத்துவிட்டது. தோற்காத பையன்களுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு அது பிடித்த அணிகூட இல்லை. ஆனாலும் அன்றைக்கு மனசு கேட்கவில்லை.

ராஜாமணி: கமிட்டியில் யார்?

குமார்: 13 பேர் அண்ணன். உட்கார்ந்து பேசி ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்துவார்கள்.

ராஜாமணி: நம் ஊர்ப் பொங்கல் கபடிக்கும் கமிட்டி உண்டு. உள்ளூர் அணி எப்போதும் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். வெளியூர்க்காரன் இரண்டு ஆட்டம் ஆடி முழங்கால் தேய்ந்து வருவான். நாங்கள் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இறங்குவோம். அப்படி வாங்கிய பித்தளைக் குடம் இன்னும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

மீனா: அந்தக் குடத்தை அம்மா எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

ராஜாமணி: யாரிடம் சொன்னாள்?

மீனா: லதா மதினிக்குத் தெரியும்.

லதா: புளிக்காய்ச்சல் விமானத்தில் விடுவார்களா? இரண்டு கிலோ செய்து எடுத்து வரலாம் என்று நினைக்கிறேன். கலந்த சாதம் ஐந்து வகை வேண்டும்.

விஜயா: பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் நான் இங்கேயே செய்து எடுத்து வருகிறேன்.

குமார்: பெரிய அணிகள் காசு கொடுத்துச் சின்ன அணியைச் சொந்த மைதானத்துக்கு அழைப்பதும் உண்டு அண்ணன். வந்து அடி வாங்கிவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். அந்தப் பணத்தில்தான் அந்தச் சின்ன காலேஜின் மற்ற விளையாட்டுகள் ஓடும். 2007இல் மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டை அழைத்தது. வந்தவர்கள் 34-32 ஜெயித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ராஜாமணி: அது ஆட்டம்!

கார்த்திக்: மிச்சிகன் எங்கள் பரம எதிரி. அவர்கள் தோற்ற கதை என்றால் எனக்கும் சம்மதம்.

குமார்: இந்த வருஷத்திலிருந்து டெக்சாஸ் ஆடும் எஸ்இசி லீக்கில் 8க்குப் பதில் 9 ஆட்டம். 16 அணிகள். ஆளுக்கு மூன்று நிரந்தர எதிரி, எங்களுக்கு ஓக்லஹோமா, ஏ அண்ட் எம், ஆர்கன்சா. மீதி ஆறு பேர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார்கள். அதனால் இரண்டு வருஷத்துக்குள் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடலாம். இது நல்ல மாற்றம். ஆனால் 9 ஒற்றைப்படை, பாதி அணிகளுக்குச் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் குறையும்.

மீனா: ஒற்றைப்படைதான் நல்லது. வளையலும் கைக்கு 21 போட வேண்டும்.

விஜயா: அவர் வேறு எதையோ சொல்கிறார் மதினி.

மீனா: எனக்குப் புரியாமல் இல்லை விஜயா. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எத்தனை விசேஷத்துக்கு யார் வந்தார்கள் என்று எல்லோரும் எண்ணுவார்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த எட்டு மாதம் ராத்திரி யார் கூட இருந்தது என்று எந்தக் கணக்கிலும் வராது.

ராஜாமணி: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்?

மீனா: இழுக்கவில்லை.

லதா: மதினி, நான் அப்புறம் போன் செய்கிறேன்.

கார்த்திக்: சித்தப்பா, ஒஹாயோவோடு ஆடியதற்கு இப்போது வருத்தப்படுகிறீர்களா?

குமார்: இல்லவே இல்லை. 2005இல் நான் ஆஸ்டினில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கொலம்பஸில்தான் ஆட்டம். ஒரே அறையில் எட்டுப் பேர், தரையில் உட்கார்ந்து ரசம் சாதம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் முன்னேறி 25-22 ஜெயித்தோம். எதிர்வீட்டு அமெரிக்கத் தாத்தா, அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர், கதவைத் தட்டிக் கட்டிப்பிடித்தார். அந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த சீசன் கோப்பையும் எங்களுக்கே. சின்ன அணியோடு 55-0 ஜெயித்த எந்த ஆட்டமாவது இருபது வருஷம் நினைவில் நிற்குமா? அதனால்தான் சொல்கிறேன், பெரிய அணியோடு மோதியதற்கு அபராதம் என்றால் நாளைக்கு ஒருவரும் இப்படி ஆட்டம் வைக்க மாட்டார்கள்.

கார்த்திக்: மறு வருஷம் ஆஸ்டினில் 24-7. அதையும் சொல்லுங்கள்.

குமார்: அதையும் பார்த்தேன். மைதானத்திலேயே இருந்தேன்.

விஜயா: கல்யாணம் ஆனதிலிருந்து ரசம் சாதம் வைத்தாலே இந்தக் கதை வரும்.

லதா: தேதிக்கு என்ன செய்வது? 13 ஞாயிறு வைக்கலாமா?

குமார்: ஞாயிறு என்றால் நல்லது மதினி. மதியத்துக்குள் ஊர் காலியாகிவிடும்.

ராஜாமணி: 14 திங்கள் பிள்ளையார் சதுர்த்தி. லதா அங்கேயும் கொழுக்கட்டை பிடிக்க வேண்டும். அடுத்தடுத்த நாள் தாங்குமா?

கார்த்திக்: எனக்கு ஞாயிறு காலை 11 மணிக்கு விமானம்.

மீனா: அதை மாற்று.

கார்த்திக்: மாற்றினால் 200 டாலர் அத்தை.

மீனா: நான் தருகிறேன். உன் தங்கைக்கு வளையல் போடும்போது அண்ணன்காரன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கார்த்திக்: நீங்கள் தர வேண்டாம் அத்தை. பார்க்கிறேன்.

குமார்: சனிக்கிழமையே என்றால் கார்த்திக்கும் அவன் நண்பர்களும் எங்களோடு தங்கட்டும். ஆஸ்டினில் என் நண்பர் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, கேட்டுவிட்டேன். ஒஹாயோ சட்டையை மட்டும் வளைகாப்புக்குப் போட்டு வராதே.

ராஜாமணி: ஜோசியர் போன் எடுக்கவில்லை. சாயங்காலம் நேரில் போய் இரண்டு நாளையும் கேட்டுவிட்டு வருகிறேன். அதுவரை யாரும் எதையும் புக் செய்ய வேண்டாம்.

விஜயா: நான் ஏற்கெனவே ஓர் அறை போட்டுவிட்டேன். சனி இரவுக்கு.

காயத்ரி: டாக்டரிடமிருந்து வந்துவிட்டேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. 94 மெசேஜா! என்ன முடிவு ஆயிற்று?

லதா: பெரியப்பா சொல்வார்கள். நீ அளவைச் சொல்.

காயத்ரி: இரண்டு ஆறுதான் அம்மா. ஆனால் கை வீங்கியிருக்கிறது, நேற்று சோப்புப் போட்டும் பழைய வளையல் கழலவில்லை.

மீனா: இரண்டு எட்டில் இரண்டு டஜன் சேர்த்து வாங்குகிறேன். பச்சையும் சிவப்பும்.