தள்ளுபடி சீசனில் வீட்டில் எல்லோருக்கும் பரிசு: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி?

காலிப்பை:
வீட்டில் பரிசு கொடுக்க வேண்டியவர்கள் ஒன்பது பேர். அப்பா, அம்மா, மனைவி, எங்கள் இரண்டு வாண்டுகள், தம்பி, அக்கா, அத்தான், அவர்கள் மகள். போன வருடம் தள்ளுபடி ஆரம்பித்த ராத்திரியே போனும் கையுமாக உட்கார்ந்து, 'இன்னும் 14 நிமிடம்தான்' என்று ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போட்டேன். அதில் பாதி எனக்கே வாங்கிக்கொண்டது என்பது வேறு கதை. கார்டு கடனை அடைக்க நான்கு மாதம் ஆனது. அப்பாவுக்கு வாங்கிய மசாஜ் கருவி இன்னும் பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறது, கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்கிறார். இந்த வருடமும் அப்படி ஏமாறக் கூடாது, ஆனால் தள்ளுபடியை விடவும் மனசு வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
முதலில் பெயர்கள், அப்புறம் தொகை, கடைசியில்தான் கடை. நீங்கள் கடையில் ஆரம்பித்ததுதான் கோளாறு. மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முடிவு செய்து ஒன்பது பேருக்கும் பிரித்து எழுதுங்கள், அதிலேயே டெலிவரி, பேக்கிங், பொம்மைக்கான பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும்.

அடித்துவிட்ட பழைய விலையை நம்பவே நம்பாதீர்கள். முதலில் பார்த்த எண்ணை வைத்துத்தான் மனசு அடுத்த எண்ணை எடை போடும், அதற்காகத்தான் அதைப் பெரிதாகப் போடுகிறார்கள். சில நாள் முன்பு விலையை ஏற்றிவிட்டு அப்புறம் இறக்கிக் காட்டுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகவே 2022 மே முதல், தள்ளுபடி என்று அறிவித்தால் முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி இல்லாத இடத்தில் நாம்தான் வேலை பார்க்க வேண்டும்: மூன்று வாரம் முன்பே பொருளைத் தேர்வு செய்து, அன்றைய விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, '50% + கூடுதல் 20%' என்றால் 70 இல்லை, 60தான். இரண்டாவது கழிவு மிச்சமிருக்கும் பாதியில்தான் கழியும். 'ஒன்று வாங்கினால் அடுத்தது பாதி விலை' என்பது வெறும் 25%, அதுவும் அந்த இரண்டாவது உங்களுக்குத் தேவைப்பட்டால்.

மைனா:
கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் அந்த மசாஜ் கருவியை 80% தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் அது அலமாரி மேல்தான் இருந்திருக்கும். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார். கல்லூரி மாணவர்களிடம், கிடைத்த பரிசுக்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டதில், கொடுத்தவர் செலவழித்ததைவிட 10 முதல் 33 சதவீதம் வரை குறைவாக மதிப்புப் போட்டார்கள். நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் இந்த நஷ்டம் குறைவு, தூரத்து உறவில் அதிகம். அதனால் என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் கொடுக்கிறோம், குழந்தைகளுக்கு மட்டும் எல்லோரும்.

ஓரத்து_இருக்கை:
கேட்டு வாங்கிக் கொடுத்தால் அது பரிசா, பர்ச்சேஸா? எனக்கு ஒத்துவராது. வருடம் முழுக்க அவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதைப் போனில் குறித்து வைத்தாலே போதும்.

ரசீதுப்_பெட்டி:
யாரும் சொல்லாத ஒன்று. மலிவாக இருக்கிறதே என்று ஒரு மாதம் முன்பே வாங்கி ஒளித்து வைத்தால், பரிசைப் பிரிக்கும் நாளில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். கெடு வாங்கிய நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று பாருங்கள், தள்ளுபடிப் பொருளைத் திரும்ப எடுப்பார்களா என்றும் பாருங்கள். தம்பிக்கு வாங்கிய சட்டை அளவு சிறிதாகி, இப்போது அதை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். 'வட்டியில்லாத் தவணை' என்றால் செயலாக்கக் கட்டணத்தையும், முழுப் பணமாகக் கட்டினால் கிடைக்கும் கழிவு போய்விடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

காலிப்பை:
எல்லோருக்கும் நன்றி. நேற்றே அப்பாவிடம் கேட்டுவிட்டேன். நடைப்பயிற்சிக்குப் போடும் செருப்பு தேய்ந்து ஆறு மாதமாகிறதாம், சொல்லவே இல்லை! ஆனால் அம்மாவிடம் கேட்டால் "எனக்கு எதுக்குடா" என்கிறார். இதற்கு என்ன செய்வது?

மைனா:
எல்லா வீட்டிலும் இதே பதில்தான். பத்து நிமிடம் அவர் கூடவே நின்று ஏதாவது வேலை செய்யுங்கள், எந்தப் பொருளைத் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறார் என்று தெரிந்துவிடும்.